ஆலிவ் தோப்புகள் பெருகுகின்றன: அந்த நிலப்பரப்பை ஆள்வது யார்?

வரப்போரம்:
போர்ச்சுகலின் தெற்கில் அலென்டெஜோ என்றொரு வறண்ட சமவெளி இருக்கிறது. கோதுமையும் கார்க் ஓக் மரங்களும் ஆட்டு மந்தைகளுமாக இருந்த பகுதி. குவாடியானா ஆற்றின் குறுக்கே அல்கேவா அணையைக் கட்டி 2002 பிப்ரவரியில் மதகை மூடினார்கள். நிரம்பினால் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு, மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய செயற்கை ஏரி. முதல் கட்டத்திலேயே ஏறத்தாழ 1,20,000 ஹெக்டேருக்குப் பாசனம். அந்தப் பாசன நிலத்தின் பெரும்பகுதியை இன்று ஆலிவ் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் நாம் படங்களில் பார்க்கும் முறுக்கேறிய கிழட்டு மரங்கள் அல்ல. தேயிலைப் புதர்போல வெட்டி ஒழுங்குபடுத்திய, முடிவில்லாமல் ஓடும் பச்சைச் சுவர்கள்.

இவ்வளவு பெரிய மாற்றத்தை யாராவது தீர்மானித்தார்களா, அல்லது தானாக நடந்துவிட்டதா? அணை கட்டுவதை அரசு முடிவு செய்தது, சரி. அந்த நீரில் என்ன வளர வேண்டும், எவ்வளவு வளரலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள்? இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மேகலா:
சொற்களை முதலில் பிரித்துக்கொண்டால் சண்டை குறையும். மரபுவழித் தோப்பில் ஹெக்டேருக்குச் சுமார் 70 முதல் 120 மரங்கள். நெருக்க நடவில் 200 முதல் 400 வரை. வரப்போரம் சொல்லும் பச்சைச் சுவர் மூன்றாவது வகை, மிக நெருக்க நடவு. அதில் 1,500க்குக் குறையாது, 2,000ஐத் தாண்டுவதும் உண்டு. அதற்கு எல்லா இரகமும் ஒத்துவராது. கட்டலோனியாவின் அர்பெக்கினா, அர்போசானா, கிரேக்கத்தின் கொரோனெய்க்கி போன்ற சில மட்டுமே குட்டையாக, அடக்கமாக வளரும். அறுவடை இயந்திரம் வரிசையின் மேலேயே கவிந்தபடி நகர்ந்து காயை உதிர்த்துச் சேர்க்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ப்பு தொடங்கும். இருபது ஆண்டு வாக்கில் பெரும்பாலும் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவார்கள்.

நூற்றாண்டுகள் நிற்கும் மரம், கரும்பைப் போல ஒரு சுழற்சிப் பயிராகிவிட்டது.

எதிர்க்காற்று:
இந்த இழை எங்கே போகும் என்று முதல் பதிவிலேயே தெரிகிறது. பழைய மரம் நல்லது, புதிய வரிசை கெட்டது. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மலைச்சரிவுத் தோப்பில் ஒரு கிலோ எண்ணெய் எடுக்க ஆகும் செலவில் ஏறத்தாழ பாதியில் மிக நெருக்க நடவு அதைக் கொடுத்துவிடுகிறது. காய் உலுக்க ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். சரிவில் டிராக்டர் கவிழ்ந்து சாகிறார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு மரபைக் காப்பாற்று என்று விவசாயிக்குச் சொல்வது, ஊர்க்கோடியில் நின்று வேடிக்கை பார்ப்பவன் பேச்சு. 2022-23இல் ஸ்பெயினில் வறட்சி வந்து, முந்தைய ஆண்டு 15 லட்சம் டன்னை நெருங்கிய எண்ணெய் உற்பத்தி 7 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு பாசனத் தோப்புகளும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மண்புழு:
எதிர்க்காற்று ஐயா பாதி சரி. மரபுவழித் தோப்பு என்றாலே இயற்கையின் மடி என்று நினைப்பவர்கள் தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் உள்ள ஹாயென் மாகாணத்தை ஒருமுறை மேலிருந்து எடுத்த படத்தில் பாருங்கள். 6 கோடிக்கு மேல் மரங்கள், அடிவானம் வரை புள்ளி புள்ளியாக. புள்ளிகளுக்கு இடையே வெறும் செம்மண், வெள்ளை மண். ஒரு புல் இல்லை. நீருக்குப் போட்டியாக எதுவும் முளைக்கக் கூடாது என்று உழுது, பின்னர் களைக்கொல்லி தெளித்து, பல தலைமுறைகளாகச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். சுத்தமான தோப்பு நல்ல விவசாயியின் அடையாளம் என்ற கௌரவம் வேறு. சரிவான நிலத்தில் இலையுதிர்கால மழை கொட்டும்போது அந்தச் சுத்தத்துக்கு விலை மேல்மண். ஓடைப்பள்ளங்கள் தோப்பை வெட்டிக்கொண்டு போயிருப்பதை அங்கே சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். சில இடங்களில் மரத்தின் அடிவேர் மேட்டில் நிற்கும், சுற்றிலும் மண் இறங்கியிருக்கும். மரம் உயரவில்லை, நிலம் தாழ்ந்துவிட்டது.

சமவெளியில் வரிசைகளுக்கு நடுவே புல் விட்டு வளர்க்கும் ஒரு நெருக்கத் தோப்பு, சரிவில் மொட்டையாகக் கிடக்கும் நூறாண்டுத் தோப்பைவிட மண்ணுக்கு நல்லதாக இருக்க முடியும். ஆகவே மரத்தின் வயதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சரிவு எவ்வளவு, புல்மூடாக்கு உண்டா என்று கேளுங்கள்.

எதிர்க்காற்று:
முதல்முறையாக இந்தத் தளத்தில் யாரோ என்னைப் பாதி சரி என்கிறார்கள். நாள் குறித்து வைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
மண் பேசியாயிற்று, நீருக்கு வருகிறேன். என் பார்வையில் வழக்கு இதுதான்.

ஆலிவ் தண்ணீர் குடிக்காத மரம் என்ற பெயர் அதற்கே வினையாகிவிட்டது. ஆண்டலூசியாவின் குவாடல்கிவிர் ஆற்றுப்படுகையில் ஆலிவுக்கு வழக்கமாக அனுமதிக்கும் அளவு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,500 கன மீட்டர். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பக்கத்தில் இது சொற்பம். மிக நெருக்க நடவு என்றால் 3,000ஐ ஒட்டிக் கேட்கும், அதுகூடச் சோளத்தைவிடக் குறைவு. எனவே திட்டம் போடும் அதிகாரிக்கு ஆலிவ் எப்போதும் நல்ல பிள்ளை. தனித்தனி விண்ணப்பமாகப் பார்த்தால் மறுக்கக் காரணமே கிடைக்காது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. 100 ஹெக்டேருக்கு 3,000 கன மீட்டர் வீதம் பயன்படுத்தியவர் சொட்டுநீருக்கு மாறி 2,000 ஆக்குகிறார். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மிச்சமான நீரை ஆற்றில் விடுகிறாரா? இல்லை, பக்கத்தில் இன்னும் 50 ஹெக்டேர் நடுகிறார். எடுத்த நீர் அதே 3 லட்சம் கன மீட்டர். ஆனால் முன்பு வயலில் மிஞ்சி மண்ணுக்குள் இறங்கி, கீழே இருப்பவரின் கிணற்றுக்குப் போன பங்கு இப்போது கிடையாது, துளித்துளியாக வேரே குடித்துவிடுகிறது. தாளில் சிக்கனம், படுகையில் பற்றாக்குறை. சொட்டுநீருக்கு மானியம் கொடுக்கும் துறையும் ஆற்றைக் காக்கும் துறையும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதியதாகத் தெரியவில்லை.

அனுமதியில்லாத கிணறுகளை இதில் சேர்க்கவே இல்லை.

வரப்போரம்:
அப்படியானால் மொத்தப் பரப்புக்கு உச்சவரம்பு வைக்க யாரும் முயன்றதே இல்லையா?

பழந்தாள்:
முயன்றார்கள். ஆனால் நீரில் அல்ல, பணத்தில்.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1986இல் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) சேர்ந்தன. அப்போது ஆலிவுக்கான உதவித்தொகை எண்ணெய் உற்பத்தியோடு கட்டப்பட்டிருந்தது. அதிக எண்ணெய், அதிக உதவி. கரும்பு தின்னக் கூலி கிடைத்தால் யார் விடுவார்கள்? நட்டார்கள், பாசனம் போட்டார்கள், கோதுமை நிலத்தைத் தோப்பாக்கினார்கள். எண்ணெய் தேங்கும், செலவு கட்டுக்கடங்காது என்ற பயம் வந்த பிறகு ஒரு விதி வந்தது. 1998 மே 1க்குப் பிறகு நட்ட மரத்துக்கு உற்பத்தி உதவி கிடையாது. போர்ச்சுகலுக்கு மட்டும் 30,000 ஹெக்டேர் அளவுக்குப் பெரிய விலக்கு கொடுத்தார்கள்.

பின்னர் 2004 சீர்திருத்தத்தில் உதவித்தொகையை உற்பத்தியிலிருந்து பெருமளவு பிரித்துவிட்டார்கள். நோக்கம் நல்லதுதான், ஏனெனில் அதிகமாக விளைவித்தால் அதிகப் பணம் என்ற தூண்டுதல் போனது. ஆனால் அதற்குள் நிலைமை மாறிவிட்டது. அல்கேவா நீர் வந்தது, இயந்திர அறுவடை வந்தது, அலென்டெஜோவில் நிலம் மலிவு என்று ஸ்பானிய முதலீடு எல்லை தாண்டி வந்தது. இந்த நடவுக்கு எண்ணெய் உதவித்தொகையே தேவைப்படவில்லை. மானியக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள், மரங்கள் மதகு வழியாக வந்துவிட்டன.

இதில் எனக்குக் கிடைத்த பாடம், ஒரே ஒரு கருவியை நம்பி நிலப்பரப்பை ஆள முடியாது என்பதல்ல (அது எல்லோரும் சொல்வது). பூட்டு எந்தக் கதவுக்கு என்பதைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்க வேண்டும். பார்க்கும் பொறுப்பு யாருக்கும் எழுதப்படவில்லை.

நெறியாளர்:
எந்த எண்ணெய் உடலுக்கு நல்லது என்று கிளம்பிய மூன்று பதிவுகளைச் சமையல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே நிலத்தைப் பற்றி மட்டும்.

கூடுகட்டி:
பறவை பக்கம் ஒரு கதை சொல்கிறேன். ஆட்சிமுறை வேலை செய்த அபூர்வ இடம்.

மிக நெருக்கத் தோப்புகளில் காயை இரவில் அறுத்துவந்தார்கள். குளிர்ந்த காயில் எண்ணெயின் மணம் நிற்கும். ஆனால் குளிர்காலத்தில் வட ஐரோப்பாவிலிருந்து வரும் பூங்குருவிகளும் கதிர்க்குருவிகளும் இரவு தங்குவது அந்த அடர்ந்த வரிசைகளில்தான். இயந்திரத்தின் விளக்கு வெளிச்சத்தில் திகைத்து உட்கார்ந்திருக்கும் குருவிகளைக் காயோடு சேர்த்து உறிஞ்சிவிடும். பழைய தோப்பில் இந்தச் சிக்கலே இல்லை, ஏனெனில் அங்கே இந்த இயந்திரம் நுழையாது. 2019இல் விவகாரம் பெரிதாக வெளிவந்ததும் ஆண்டலூசியாவில் இரவு அறுவடையை நிறுத்தினார்கள். போர்ச்சுகலும் பின்தொடர்ந்தது.

அறுவடை நேரம் என்பது ஒரு சிறிய திருகு. அதைத் திருப்ப யாரும் மரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை, யாருடைய நிலமும் போகவில்லை. அதனால்தான் நடந்தது.

இன்னொன்று, 2015இல் ஆண்டலூசியாவில் தொடங்கிய "ஒலிவாரெஸ் விவோஸ்" திட்டம். உயிருள்ள தோப்புகள் என்று பொருள். பறவைகள் அமைப்பும் ஹாயென் பல்கலைக்கழகமும் சேர்ந்து 20 தோப்புகளில் புல்மூடாக்கு விட்டன, ஓரங்களில் புதர் நட்டன, சிறு குட்டைகள் வெட்டின. ஒப்பிட்டுப் பார்க்க 20 தோப்புகளை அப்படியே விட்டன. உயிரினங்கள் திரும்பி வருவதை எண்ணிப் பார்த்து, அதன் அடிப்படையில் எண்ணெய்க்குச் சான்று முத்திரை கொடுக்கிறார்கள். எத்தனை உயிர் வந்தது என்று அளந்துவிட்டுத்தான் முத்திரை. பெரும்பாலான பசுமை முத்திரைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

மேகலா:
மூடாக்கு மூடாக்கு என்று எல்லோரும் சொல்வதால் இதைச் சொல்லியாக வேண்டும். இத்தாலியின் தென்கோடியில், புலியாவில், அதே மூடாக்கு எதிரி.

2013இல் கல்லிப்போலி அருகே ஆலிவ் மரங்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. காரணம் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும், மருந்து இல்லை. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் காபிச் செடி ஒன்றின் மூலம் நுழைந்திருக்கலாம் என்பதே வலுவான ஊகம். பரப்புவது நுரை கட்டி வாழும் ஒரு சிறு பூச்சி. அதன் குஞ்சுகள் வசந்த காலத்தில் தோப்பில் முளைக்கும் களைகளில் வளரும். ஆகவே அங்கே அரசு ஆணை, வசந்தத்தில் களையை உழுது அழி என்பது. அதே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-27 வேளாண் கொள்கையின் கீழ் ஸ்பெயினில் தோப்பில் புல்மூடாக்கு வைத்தால் ஹெக்டேர் கணக்கில் பணம், சரிவுக்கு ஏற்ப அதிகம். இரண்டும் அந்தந்த இடத்தில் சரி. சைலெல்லா நாளை ஹாயெனுக்குள் நுழைந்தால் (2016இல் பாலியாரிக் தீவுகளிலும் 2017இல் அலிகாந்தேயிலும் ஏற்கெனவே நுழைந்துவிட்டது) எந்த ஆணையை எந்த வாரத்தில் மாற்றுவது என்று இப்போதே பேசி வைத்திருக்க வேண்டும்.

புலியாவில் நடந்ததை நினைத்தால் இன்னும் கசக்கிறது. நோயுற்ற மரத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் நோய் தொற்றக்கூடிய செடிகள் அனைத்தையும், நோய் இல்லாதவற்றையும், வெட்ட வேண்டும் என்பது ஒன்றியத்தின் அப்போதைய விதி. பாட்டன் நட்ட மரத்தில் ஒரு இலைகூடக் காயவில்லை, அதை வெட்டு என்று ஓர் அதிகாரி வந்து நிற்கிறார். மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். 2015 டிசம்பரில் அரசு வழக்கறிஞர்கள் வெட்டுவதை நிறுத்தினார்கள், நோயை ஆராய்ந்த விஞ்ஞானிகள் மீதே விசாரணை தொடங்கினார்கள். 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் 100 மீட்டர் விதி செல்லும் என்றது. 2019இல் விஞ்ஞானிகள் மீதான வழக்கு கைவிடப்பட்டது. அதே ஆண்டு இத்தாலி கடமை தவறியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஆறு ஆண்டுகளும் பூச்சி எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. 2 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

இத்தனைக்கும் புலியாவில் 2007 முதல் பழம்பெரும் ஆலிவ் மரங்களைக் காக்கத் தனிச் சட்டமே இருந்தது. மரத்தை மனிதனிடமிருந்து காக்க எழுதிய சட்டம், பாக்டீரியா அதைப் படிக்கவில்லை.

எதிர்க்காற்று:
மறுநடவு என்ன ஆனது? அதையும் சொல்லுங்கள், உங்கள் கட்சிக்கு வலிக்கும்.

மேகலா:
எனக்குக் கட்சி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அங்கே பரவலாக இருந்த ஒலியரோலா, செல்லினா இரண்டும் நோய்க்கு எளிதில் விழுபவை. தாக்குப்பிடிப்பவை என்று முதலில் உறுதியானவை லெச்சினோ, ஃபாவொலோசா என்ற இரண்டே இரகங்கள். மறுநடவு அவற்றில்தான் நடந்தது. ஃபாவொலோசா நெருக்க நடவுக்கும் ஏற்றது. அதாவது, மாற்றத்தைத் தள்ளிப்போட எடுத்த போராட்டமே கடைசியில் மாற்றத்தை வேகப்படுத்தியது. வலிக்கத்தான் செய்கிறது.

ஒற்றையடி:
விவசாயிகள் ஏன் நம்பவில்லை என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். ஆண்டலூசியாவின் ஆலிவ் நிலப்பரப்புகளை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க ஹாயென் மாகாண நிர்வாகம் பல ஆண்டுகள் உழைத்தது. ஆவணம் தயார், பெருமை தயார். 2023 தொடக்கத்தில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் சுற்றுச்சூழல் எதிரிகள் அல்லர், தோப்புக்காரர்களும் அவர்களுடைய சங்கங்களுமே. பட்டியலில் ஏறினால் நாளை குழாய் போட, இரகம் மாற்ற, கொட்டகை கட்ட எவரிடமோ அனுமதி கேட்க வேண்டிவரும் என்ற பயம். அந்தப் பயம் சரியா தவறா என்பதைவிட, அதை ஆவணம் முடிந்த பிறகு கேட்க நேர்ந்தது என்பதுதான் பிரச்சினை. தும்பை விட்டு வாலைப் பிடித்தார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. வலென்சியா, கட்டலோனியா, அரகோன் மூன்றும் சந்திக்கும் செனியா பகுதியில் ஆயிரக்கணக்கான மிகப் பழைய மரங்கள். வேரோடு பிடுங்கிப் பணக்காரர் தோட்டங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஊராட்சிகளும் எண்ணெய் ஆலைகளும் சேர்ந்து மரங்களை ஒவ்வொன்றாக அளந்து கணக்கெடுத்தன. அந்த மரங்களின் எண்ணெயைத் தனியாக எடுத்து நல்ல விலைக்கு விற்றன. 2018இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அதை உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றது. அங்கே பட்டம் கடைசியில் வந்தது.

கணக்குப்பிள்ளை:
செனியா அழகான கதை, ஆனால் அளவு சிறியது. ஸ்பெயினின் ஆலிவ் பரப்பு 25 லட்சம் ஹெக்டேருக்கு மேல். எல்லோரும் அபூர்வ எண்ணெய் விற்க முடியாது.

சமவெளி வரிசைகளின் விலையோடு மலைத்தோப்பு போட்டியிட முடியாதபோது அது புதிய வரிசையாக மாறுவதில்லை, கைவிடப்படுகிறது. புதர் ஏறுகிறது, கல்வரப்பு சரிகிறது, கோடையில் தீ. ஒரு பக்கம் தீவிரம், மறுபக்கம் கைவிடல், இரண்டும் ஒரே தராசின் தட்டுகள். சமவெளிக்கு ஒரு கொள்கை, மலைக்கு வேறொரு கொள்கை என்று தனித்தனியாக எழுதினால் தராசு ஆடுவதே தெரியாது. மலைத்தோப்புக்கு எண்ணெய் விலையில் பதில் கிடைக்காது. மண்ணைப் பிடித்து வைப்பதற்கும் தீயைத் தடுப்பதற்கும் கூலியாக நேரடியாகப் பணம் கொடுக்க வேண்டும்.

தென்திசை:
மத்தியதரைக் கடலின் மறுகரையை யாரும் பேசவில்லை. துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் பகுதியில் மரத்துக்கு மரம் 24 மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்கு 17 மரங்கள். அங்கே பெய்யும் சொற்ப மழையில் ஒரு மரத்தின் வேர் எவ்வளவு மண்ணைக் கைக்கொண்டால் பிழைக்கும் என்பதை நீண்ட அனுபவத்தில் கண்டறிந்த இடைவெளி அது. அடர்த்தியைத் தீர்மானித்தது மழை. உச்சவரம்பு என்று தேடுகிறீர்களே, அங்கே அது நிலத்திலேயே எழுதியிருந்தது. ஆழ்குழாய்க் கிணறு வந்த இடங்களில் அந்த எழுத்து அழிகிறது.

மண்புழு:
இது நான் எழுத நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது.

ஒரு சின்னச் சேர்க்கை: தோப்பு பெருகினால் பிண்ணாக்கும் பெருகும். இப்போதைய ஆலைகளில் காயின் எடையில் பெரும்பகுதி ஈரமான சகதிப் பிண்ணாக்காக வெளியே வருகிறது. அதை உலர்த்தி எஞ்சிய எண்ணெய் எடுக்கத் தனி ஆலைகள். அலென்டெஜோவில் ஃபோர்ட்டெஸ் என்ற சிற்றூர் மக்கள் புகையும் நாற்றமும் தாங்கவில்லை என்று பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறார்கள். நடவுக்கு அனுமதி கொடுத்தபோது அந்தப் பிண்ணாக்கு எங்கே போகும் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அது வேறு துறை.

வரப்போரம்:
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நான் கேட்ட கேள்வியே சற்றுத் தவறு என்று இப்போது படுகிறது. ஆள்பவர் யாருமில்லை என்று நினைத்தேன். ஆளாளுக்கு ஒரு துண்டை ஆள்கிறார்கள்: நீரை ஒருவர், மானியத்தை ஒருவர், நோயை ஒருவர், பறவையை ஒருவர். கூட்டுத்தொகைக்கு மட்டும் ஆள் இல்லை.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கணக்கின்படி பாசன ஆலிவுக்கான மொத்த ஹெக்டேரை ஆற்றுப்படுகை வாரியாக முதலில் நிர்ணயித்துவிட்டு, அதற்குள் பங்கிட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா? குவாடியானா இரண்டு நாடுகளின் ஆறு ஆயிற்றே?

கணக்குப்பிள்ளை:
ஹெக்டேரை அல்ல, கன மீட்டரை. ஹெக்டேரை நிர்ணயித்தால் அதே நிலத்தில் இன்னும் நெருக்கமாக நடுவார்கள். வறட்சி ஆண்டில் எவ்வளவு கிடைக்குமோ அதை வைத்து நிர்ணயிக்க வேண்டும், நல்ல ஆண்டின் சராசரியை வைத்து அல்ல. மரம் நட்டவன் வறட்சி ஆண்டில் தரிசாக விட முடியாது. சோளக்காரனால் முடியும். கடன் வாங்கி நட்ட வரிசையைக் காட்டி மரம் நட்டவன் வந்து நின்றால் எந்த அரசும் மதகைத் திறந்துவிடும்.

இரு நாட்டு ஆறுகளுக்கு 1998இல் அல்புஃபெய்ரா உடன்படிக்கை இருக்கிறது. எல்லையில் எவ்வளவு நீர் வந்து சேர வேண்டும் என்று அதன்படி கணக்குப் பார்க்கிறார்கள். எல்லைக்கு இரு பக்கமும் எத்தனை மரம் அந்த நீரை நம்பி நிற்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. கூட்டுத்தொகைக்கு நீங்கள் தேடும் ஆளுக்கான நாற்காலியை அங்கே போடலாம்.

எதிர்க்காற்று:
போடுங்கள். ஆனால் அதில் ஒரு தோப்புக்காரரையும் உட்கார வையுங்கள், ஆவணம் எழுதி முடிப்பதற்கு முன்பே.